கட்டுத்தரையில் இறக்கிய எர்த் ராடு

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மெயின் போர்டுகளில் 'மோட்டார்', 'சமையல்', 'மாடி' என்று மார்க்கர் பேனாவில் எழுதியதுதான். அதிலும் ஒரு வீட்டில் மாடி என்பதற்கு மாடு என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் இன்றும் மாடிக்கு விளக்கு வேண்டுமென்றால் மாட்டைத்தான் தட்டுகிறார். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதையெல்லாம் நம் வயர்மேன் சங்கத்தில் டைப் அடிக்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

போன பொங்கலுக்குக் கூட்டம் நடந்தபோது என்னை மைக் முன்னால் நிறுத்தி, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதி மூன்று வார்த்தைகளைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தோள்பட்டை தேய்ந்துபோனதால் நான் ஏணியை விட்டு இறங்கியாயிற்று. எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்விட்ச் எடுத்துக் கொடுக்கிறேன். நீங்கள் வந்து எர்த் ராடு வாங்கிப் போகும்போதெல்லாம், "எங்கே இறக்கப் போறீங்க?" என்று கேட்க வாய் வரை வரும். கேட்க மாட்டேன். கேட்காமல் விடுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஊர். அங்கே ராசம்மாள் என்று ஓர் அக்கா. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். மகன் லாரியில் வடக்கே போனால் வர மாதமாகும். வீட்டில் அக்காவும் மருமகள் கோமதியும் செவலை என்று ஒரு மாடும். செவலை அந்தக் கட்டுத்தரையிலேயே பிறந்து, அக்கா கையால் தவிடு தின்று வளர்ந்தது. மகன் வீட்டில் இருக்கிற நாட்களைவிட மாட்டோடு பேசுகிற பேச்சுதான் அக்காவுக்கு அதிகம்.

ஒருநாள் கோமதி ஃபோன் செய்தார்.

"ஏனுங்க, பாத்ரூமு பைப்பத் தொட்டா சுருக்குங்குதுங்க. ஊட்டுக்கு எர்த்து இல்லாததுனாலதான்னு சொல்றாங்க. வந்து ஒரு எர்த்து போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"சரிங்க" என்றேன்.

என் முதல் தப்பு அந்தச் 'சரிங்க'தான். ஒருவர் வந்து, "டாக்டர், எனக்கு ஓர் ஊசி போடுங்க" என்கிறார். டாக்டர் என்ன நோவு என்று கேட்காமல் ஊசியைக் குத்தி அனுப்புகிறார். நான் அப்படிப்பட்ட டாக்டர். ஏன் சுருக்கென்கிறது, எப்போதிலிருந்து, புதிதாக எதை மாட்டினீர்கள் என்று எதையும் கேட்கவில்லை. பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. அதிகம் பேச்சுக் கொடுக்க எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை மரியாதை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கப் பாறை. எங்கே கடப்பாரையைப் போட்டாலும் முழங்கால் ஆழத்தில் 'ணங்' என்கிறது. ஓர் இடத்தில் சம்மட்டியால் அடித்ததில் ராடு வளைந்து, பிறந்தநாள் கேக்கில் சரிந்த மெழுகுவர்த்தி மாதிரி நின்றது. பக்கத்து வீட்டுக் குமரேசன் கட்டிலில் படுத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவன், லீவில் வந்திருந்தான்.

"ஏனுங்க கரண்டுக்காரரே, நம்ம ரிக்க வேணா கொண்டாரட்டுங்களா? உங்க ராடு அந்தப் பக்கம் அமெரிக்காவுல போயி எட்டிப் பாக்கும்!"

ராசம்மக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நீ ஒண்ணும் கொண்டார வேண்டாஞ் சாமி. நீ போட்ட போரு இன்னும் அங்கதா வாயப் பொளந்துட்டுக் கெடக்குது. பொட்டுத் தண்ணியில்ல."

முற்றத்தின் மேற்கு ஓரத்தில் கல்லைப் போட்டு மூடிய அந்தப் போர்க்குழியை நானும் பார்த்தேன். குமரேசன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

நல்ல மண்ணைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் மாடு கட்டுகிற கட்டுத்தரையில், தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில், கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எப்போதும் ஈரம் இருக்கிற இடம். எர்த்துக்கு ஈரம் நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? ராடை இறக்கினேன். அடிக்கவே வேண்டியிருக்கவில்லை, அழுத்தினாலே போயிற்று. சுற்றிலும் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டு மேலே ஒரு பலகைக் கல்லைப் போட்டு மூடினேன். டெஸ்ட் பல்பைக் கொடுத்தால் பளிச்சென்று எரிகிறது. கோமதி பாத்ரூம் குழாயைப் பயந்து பயந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். அக்கா செவலையின் பாலில் காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே, இந்தப் பாறைக்காட்டில் இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க என்னைவிட்டால் யார் என்று உள்ளுக்குள் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

பாறை ஊரில் ஓர் இடத்தில் மட்டும் மண் இவ்வளவு மெத்தென்று ஏன் இருக்கிறது? அதையும் கேட்கவில்லை.

சில நாட்கள் கழித்து அக்காவே ஃபோன் செய்தார்.

"சாமி, செவல ஒதைக்குதுங்க. பொறந்ததுலருந்து காலத் தூக்காத மாடு. நீங்க வந்துட்டுப் போன மறுநாளு காலைல புடிச்ச பேயி. கறக்கற போசியோட பாலக் கவுத்து உட்டுருச்சு. எம் முட்டியில ஒரே ஒதை. சாயங்காலம் பாத்தா கும்புட்ட சாமியாட்டம் நிக்குது. காலைலதா கிட்ட உட மாட்டேங்குது. தொட்டித் தண்ணியவும் மோந்து பாத்துட்டு ஓடுது."

காலையில் மட்டும். அக்கா அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் அவ்வளவு தெளிவாகக் காதில் வாங்கினேன். "டாக்டருகிட்டக் காட்டுங்க்கா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அவர்கள் மாட்டு டாக்டரிடம் காட்டியாயிற்று, மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றாயிற்று, கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியும் ஆயிற்று. அதன் பிறகு யாரோ ஒருவர், "ஊட்டுல புதுசா என்ன நடந்துது?" என்று கேட்டிருக்கிறார். நான் கேட்க வேண்டிய கேள்வி. நல்லவேளையாக யாரோ ஒருவருக்காவது கேட்கத் தோன்றியது. ஆனால் அதற்கு அந்த வீட்டில் கிடைத்த பதில் நான்தான்.

ஒருநாள் காலையில் ஃபோன் செய்து உடனே வரச் சொன்னார்கள். நான் வண்டியை நிறுத்தியபோது வாசலில் ஒரு மினி டெம்போ நின்றது. அதன் பின்கதவு திறந்து கிடந்தது. தோளில் துண்டோடு மாட்டுத் தரகர் செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் கட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உதைக்கிற மாட்டை வளர்ப்பதற்கு யாரும் வாங்க மாட்டார்கள். அது அடிமாடாகத்தான் போகும். அது அக்காவுக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும்.

அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். குமரேசன்தான் ஆரம்பித்தான்.

"ஏனுங்க, அந்தக் குழிக்குள்ள என்னத்தப் பொதச்சீங்க?"

"எர்த்துங்க."

"அது தெரியுது. கூட என்ன போட்டீங்க?"

"கரி..."

கூட்டத்தில் ஒரு பாட்டி வாயில் கை வைத்தார்.

"அப்பறம்?"

"உப்பு..."

"செம்புக் கம்பி?"

"ஆமாங்க, சுத்தியிருக்கேன்."

"எலுமிச்சம்பழத்த மட்டும் எங்கீங்க உட்டுட்டு வந்தீங்க?"

எல்லோரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் நிஜமாகவே பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுக் கட்டுத்தரையில் கரியும் உப்பும் செம்பும் புதைத்து மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போகிறான் ஒருவன், மறுநாளே மாடு கெடுகிறது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாளில் மைக் முன்னால் ஆனது போலவே வெறும் காற்றுதான் வந்தது.

"சாமி, எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார் அக்கா. "அதப் புடுங்கி எடுத்துட்டுப் போயிருங்க. அது போயி நாளைக்கு செவல நின்னுச்சுன்னா இருக்கட்டும். இல்லீனா வண்டியேறட்டும்."

"நாளைக்கெல்லாம் வண்டி நிக்காதுங்க" என்றார் தரகர்.

"சித்த பொறுங்க. அவரு புடுங்கட்டும், மாட்ட உட்டுப் பாக்கலாம்."

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் போனேன். "செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போங்க. பால் கறக்கற எடம்" என்றார் அக்கா. கழற்றினேன். அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள், தரை சொதசொதவென்று இருந்தது. கல்லைப் புரட்டித் தள்ளினேன். காலை நன்றாக அகட்டி வைத்து, குனிந்து, ராடோடு எர்த் வயரைப் பிடித்திருக்கிற நட்டில் ஸ்பேனரைக் கொடுத்தேன்.

உள்ளங்கால் இரண்டும் சுருசுருவென்றன.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயம் என்று நினைத்தேன். இத்தனை பேர் பார்க்க ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தால் எனக்குக் காலில் இருந்துதான் நடுக்கம் ஆரம்பிக்கும். பெண் பார்க்கப் போன அன்றும் இப்படித்தான் இருந்தது. 'இந்த வயசிலும் இப்படியா' என்று என்னையே திட்டிக்கொண்டு, கொஞ்சம் நிதானப்படலாம் என்று காலைச் சேர்த்து நின்றேன். சுருசுருப்பு நின்றது. சரி என்று மறுபடி அகட்டிக் குனிந்தேன். மறுபடி சுருசுரு. சேர்த்தேன். நின்றது.

காலைச் சேர்த்தால் போய், அகட்டினால் வருகிற பயம் உலகத்தில் உண்டா?

தம்பிகளே, அறிவு சிலருக்குத் தலையில் வரும். எனக்கு அன்று உள்ளங்காலில் வந்தது. மண்ணில் கரண்ட் பரவிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்தோ கசிவது வயர் வழியாக ராடுக்கு வந்து, ராடிலிருந்து ஈர மண்ணில் விரிகிறது. கால்களை எட்ட எட்ட வைத்தால் இரண்டுக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் கூடுகிறது. மனிதனுக்கு இரண்டு காலும் பக்கத்தில் இருக்கிறது, பெரும்பாலும் செருப்பும் இருக்கிறது. மாட்டுக்கு முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் ஒரு பக்கம். நாம் அதற்குச் செருப்பும் வாங்கிக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கோமதி குளித்துக்கொண்டிருந்தார். ஹீட்டர் போட்டிருக்கிறது. காலையில்தான் ஹீட்டர் போடுவார்கள். காலையில்தான் செவலை உதைக்கும்.

என் ஸ்பேனர் நட்டின் மேல் இருந்தது. இன்னும் ஒரு சுற்று. அந்த வயரைக் கழற்றியிருந்தால், மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை கசிவும் போக வழியில்லாமல் ஹீட்டரிலும் குழாயிலுமே நின்றிருக்கும். நனைந்த தலையோடு அந்தப் பெண் அதைத் தொட்டுக்கொண்டு நின்றிருப்பார். அக்காவும் கூட்டமும் தரகரும் எல்லோரும் என்னிடம் கேட்டது அந்த ஒரு சுற்றைத்தான்.

ஸ்பேனரை எடுத்துவிட்டு, "மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். கத்தினேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற குமரேசனே, "என்னுங்க?" என்றான். இனி என் குரலை நம்பிப் பயனில்லை. எழுந்து ஓடினேன். சாணியும் சேறுமான காலோடு, துடைத்துக் கோலம் போட்ட வாசலை மிதித்து, அக்கா நீட்டியிருந்த காலைத் தாண்டி, நடுவீட்டுக்குள் புகுந்து மெயின் ஸ்விட்சை இழுத்துக் கீழே இறக்கினேன்.

"ஆரு கரண்ட நிறுத்துனது?" பாத்ரூமிலிருந்து கோமதி அலறினார். "தலையில சீயக்காயி! கண்ணத் தொறக்க முடியல!"

"கொழாயத் தொடாதீங்க! வாளித் தண்ணியில அலசிட்டு வெளிய வந்துருங்க!" என்றேன். இந்த முறை குரல் வந்துவிட்டது. ஒரு பெண் குளிக்கிற பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டேன். நல்ல இடம் பார்த்துத்தான் போட்டேன்.

வெளியே வந்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் செவலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் டெம்போ பக்கம் இழுக்க இழுக்க, அது கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு நேராகக் கட்டுத்தரைக்குள் போய், தொட்டியில் வாயை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. காலையெல்லாம் குடிக்காத தண்ணீர். உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்ன பண்ணுனீங்க சாமி?"

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க்கா. ஹீட்டர் கெட்டுப்போச்சு."

அக்கா நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கோமதி தலையில் துண்டோடு வெளியே வந்தபின், வீட்டுக்குள் ஒருவரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு மெயினைப் போட்டேன். செவலை பின்னங்காலைத் தூக்கியது, தலையை உதறியது, பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்விட்டது. இறக்கினேன். சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்தது.

"எத்தன சந்தை பாத்திருக்கேன்" என்றார் தரகர். "ஸ்விட்சு போட்டு மாடு ஓட்டறத இன்னைக்குத்தாம் பாக்கறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறும் டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என்னைத் திட்டத் தொடங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொடங்கியபின் நன்றாகவே திட்டினார்.

ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தேன். யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட பழைய ஹீட்டரை மகன் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். உள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற காயில் கம்பி வெடித்திருந்தது. கோமதியிடம், "குழாயில அப்பறம் ஒண்ணுமே தெரியலீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா எறும்பு கடிச்சாப்பல இருந்துதுங்க. முன்னைக்கு இது பரவால்லைன்னு உட்டுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கடைசியாக அக்காவிடமும் கேட்டேன். அந்த இடத்தில் மட்டும் மண் எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது?

"அது பழைய குப்பக்குழியாச்சே! எங்க மாமனாரு பாறைய ஒடச்சுத் தோண்டுனது. குப்பையும் மண்ணுமாத் தூந்துபோயித்தா அது மேல கட்டுத்தரை போட்டோம். இதக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே சாமி."

அதாவது, நான் எர்த் போட்டது பூமியில் இல்லை. பாறையால் செய்த ஒரு சட்டியில். உள்ளே வந்த கரண்டுக்குக் கீழேயும் வழியில்லை, பக்கத்திலும் வழியில்லை. மேல் மண்ணிலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, செவலையின் காலடியில்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த மூன்று வார்த்தை இவ்வளவுதான்: கேட்டுவிட்டு அப்புறம் தோண்டுங்கள். சுருக்கென்கிறது என்று ஃபோன் வந்தால் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், கசிவு எங்கே என்று முதலில் தேடுங்கள். எர்த் கசிவைக் குணமாக்காது, அதைக் கூட்டிக்கொண்டு வேறிடத்தில் விடும், அவ்வளவுதான். அந்த வேறிடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கசிந்தால் தானே விழுந்துவிடும் ட்ரிப்பர் ஒன்றைப் போடாமல் எந்த வீட்டையும் விட்டு வராதீர்கள். அன்று அது இருந்திருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும், மாடும் உதைத்திருக்காது, என்னிடமும் எலுமிச்சம்பழம் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டம் கூடி நின்று ஒரு வயரைக் கழற்றச் சொன்னால் முதலில் மெயினை இறக்குங்கள். என்னை மாதிரிக் காலை வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். அதற்கு மீட்டர் இருக்கிறது. கடைக்கு வந்தால் எடுத்துத் தருகிறேன்.

அந்த வாரமே கெட்ட ஹீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். ட்ரிப்பர் போட்டேன். எர்த்துக்கு இடம் குமரேசன்தான் சொன்னான். மேற்கு ஓரத்தில் தண்ணீர் வராமல் கிடந்த அவன் போர்க்குழி. ஆழத்துக்குக் கேட்கவா வேண்டும்? நீளமான இரும்புப் பட்டையை இறக்கி, மண்ணை நிரப்பி, வாயைக் காங்கிரீட் போட்டு மூடினோம். அதைச் சுற்றி ஆள் நடமாட்டமும் இல்லை, மாடும் இல்லை.

"பாத்தீங்களா அக்கா, எம் போரு வீண் போகல" என்றான்.

"ஆமாஞ் சாமி. தண்ணி குடுக்காட்டி என்ன, உசுரக் குடுத்துருச்சு" என்றார் அக்கா. அவனிடம் அவர் முகம் கொடுத்துப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

பழைய ராடைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்ல டெஸ்ட் பல்பை எடுத்தேன்.

"உங்க பல்பு அன்னைக்குங்கூட நல்லாத்தான எரிஞ்சுது?" என்றார் அக்கா. "கோமதி, ஹீட்டரப் போடு கண்ணு."

ஹீட்டர் போட்டாயிற்று. அக்கா செவலையை அவிழ்த்துக் கொண்டுவந்தார். கட்டுத்தரை ஓரம் வந்ததும் அது நின்றுவிட்டது. கழுவிவிட்ட தரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. என் பையைப் பார்த்து ஒருமுறை மூச்சு விட்டது. அக்கா கயிற்றை இழுக்கவில்லை.

மீட்டரில் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். செவலைக்கு மீட்டர் பார்க்கத் தெரியாதே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தொட்டிப் பக்கத்தில் காலை நன்றாக அகட்டி வைத்து நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் நடுங்கியது. இந்த முறை அது வெறும் பயம்தான். சேர்த்து வைத்தாலும் போகவில்லை.

சற்று நேரம் கழித்து என் முழங்கையை உரசிக்கொண்டு ஒரு பெரிய சூடான உடம்பு வந்து நின்றது. தொட்டியில் வாயை விட்டது.

பொங்கலுக்குக் கேட்டதை எழுதி முடித்தது, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆடி பத்தொன்பது.